புயல் அடிச்சா பில்லிங் ஓடுமா? ஹைப்ரிட் கிளவுட் எப்போ தேவை, எப்போ தேவையில்லை

பிளேஸ்மென்ட் சீசன் நெருங்குது. கிளவுட் பத்தி இன்டர்வியூல கேள்வி வந்தா, பப்ளிக், பிரைவேட், ஹைப்ரிட்னு மூணு டெஃபினிஷனையும் நம்ம எல்லாருமே ஒப்பிச்சிடுவோம். அடுத்த கேள்வியிலதான் மாட்டுவோம். "சரிப்பா, ஒரு கம்பெனி எப்போ ஹைப்ரிட்டுக்குப் போகணும்?" இந்தக் கட்டுரை அந்த ரெண்டாவது கேள்விக்காக. பெங்களூர், சிலிக்கான் வேலி உதாரணம் எல்லாம் அப்புறம். முதல்ல நம்ம கடலூர், சிதம்பரத்தை வச்சே பார்ப்போம். ஏன்னா இந்தக் கேள்விக்கு நம்ம மாவட்டத்தை விட நல்ல பாடம் கிடைக்கிறது கஷ்டம்.

முதல்ல, எது ஹைப்ரிட்?

அமெரிக்காவோட என்ஐஎஸ்டி நிறுவனம் 2011 செப்டம்பர்ல கிளவுடுக்கு ஒரு வரையறை வெளியிட்டுச்சு. இன்னைக்கும் எல்லா பாடப்புத்தகமும் அதைத்தான் சுத்தி வருது. அதன் சாரம் இதுதான்: ரெண்டு அல்லது அதுக்கு மேல தனித்தனி கிளவுட் அமைப்புகள் இருக்கணும். ஒவ்வொண்ணும் தனியாவே இருக்கும். ஆனா டேட்டாவும் அப்ளிகேஷனும் ஒண்ணுல இருந்து இன்னொண்ணுக்குப் போய் வர்ற மாதிரி அவை இணைக்கப்பட்டிருக்கணும்.

அந்த "இணைக்கப்பட்டிருக்கணும்"தான் முக்கியம். ஆபீஸ் மூலையில ஒரு சர்வர், அது போக கூகுள் டிரைவ்ல கொஞ்சம் ஃபைல், இது ஹைப்ரிட் இல்ல. ரெண்டு தனி இடத்துல சாமான் வச்சிருக்கோம், அவ்வளவுதான்.

நம்ம ஊர் பாணியில சொல்லணும்னா, கல்யாண வீடு. வீடு சொந்தம். கல்யாணத்துக்காகப் பத்து ரூம் சேர்த்துக் கட்டுறவங்க யாரும் இல்ல. வாசல்ல பந்தல் போடுவாங்க, மூணு நாள்ல பிரிச்சிடுவாங்க. ஆனா பந்தலுக்குக் கரண்ட் வீட்ல இருந்துதான் போகும், சமையல் பின்கட்டுல நடக்கும், நகையும் மொய்ப்பணமும் பீரோவுக்குள்ளதான் இருக்கும். வீடும் பந்தலும் ஒரே விசேஷத்துக்கு வேலை செய்யுது. அதுதான் ஹைப்ரிட். பந்தலுக்கும் வீட்டுக்கும் நடுவுல வயர் இல்லைன்னா அது வெறும் பந்தல்.

நம்ம மாவட்டம் சொல்லித்தர்ற பாடம்

2011 டிசம்பர் 30 காலையில தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவுல கரையைக் கடந்துச்சு. பண்ருட்டி பக்கம் முந்திரியும் பலாவும் வேரோட சாஞ்சதை வீட்ல பெரியவங்க சொல்லிக் கேட்டிருப்பீங்க. மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில விழுந்து, பல கிராமங்களுக்குக் கரண்ட் திரும்ப வர வாரக்கணக்காச்சு. 2015 நவம்பர், டிசம்பர் மழையில கடலூர் மாவட்டம் முழுக்க வெள்ளம். 2024 நவம்பர் கடைசியில ஃபெஞ்சல் புயல் வந்தப்போ, சாத்தனூர் அணையில திறந்த தண்ணி தென்பெண்ணை வழியா வந்து கடலூருக்குள்ள புகுந்துச்சு.

இப்போ ஒரு கற்பனை மருத்துவமனையை எடுத்துக்கோங்க. கடலூர்ல ஐம்பது படுக்கை, சிதம்பரத்துல ஒரு கிளை. நோயாளிங்களோட ரெக்கார்டு, லேப் ரிசல்ட், மருந்து ஸ்டாக், பில்லிங் எல்லாம் கம்ப்யூட்டர்ல. புயல் வருது.

வழி ஒண்ணு: எல்லாமே தரைத்தளத்துல இருக்கிற சொந்த சர்வர்ல. வெள்ளம் உள்ள வந்தா சர்வரும் போச்சு, பக்கத்துலயே வச்சிருந்த பேக்கப் ஹார்ட் டிஸ்க்கும் போச்சு. ஒரு டயாலிசிஸ் நோயாளிக்குப் போன வாரம் என்ன கொடுத்தோம்னு யாருக்கும் தெரியாது.

வழி ரெண்டு: எல்லாமே கிளவுட்ல. டேட்டா பத்திரமா மும்பையில இருக்கு. ஆனா இங்க ஃபைபர் அறுந்து, செல் டவர் டீசல் தீர்ந்து நிக்குது. டேட்டா உயிரோட இருந்தும் டாக்டர் கைக்கு வராது. ஜெனரேட்டர் ஓடுது, கம்ப்யூட்டர் ஓடுது, ஸ்க்ரீன்ல ஒரு வட்டம் மட்டும் சுத்திக்கிட்டே இருக்கு.

ரெண்டு வழியும் ஒரே புயல்ல, வேற வேற காரணத்துக்காகத் தோத்துப்போகுது. முதல்ல டேட்டா அழியுது. ரெண்டாவதுல டேட்டாவுக்குப் போற பாதை அறுபடுது. இந்த ரெண்டு ஆபத்தும் ஒரே இடத்துல நிஜமாவே இருந்தா, அங்கதான் ஹைப்ரிட்டை சீரியஸா யோசிக்கணும். உள்ளூர்ல ஒரு காப்பி, லிங்க் போனாலும் வேலை ஓட. தூரத்துல ஒரு காப்பி, கட்டடமே போனாலும் டேட்டா மிஞ்ச.

தூரத்துலன்னா எவ்வளவு தூரம்? அஸூருக்கு சென்னையிலயே ஒரு ரீஜன் இருக்கு. கடலூர்ல இருந்து நேர்கோட்டுல சுமார் 160 கிலோமீட்டர். ஆனா 2015 டிசம்பர் 1, 2 தேதிகள்ல சென்னையும் மூழ்கினது ஞாபகம் இருக்கும். ஒரே வடகிழக்குப் பருவமழை ரெண்டு ஊரையும் தொடுது. அதனால பேக்கப்புக்கு மும்பை, புனே, ஹைதராபாத் மாதிரி வேற வானிலையில இருக்கிற ரீஜனைப் பார்க்கிறது புத்திசாலித்தனம். ஏடபிள்யூஎஸ்ஸுக்கு மும்பையில 2016-ல இருந்தும், ஹைதராபாத்ல 2022-ல இருந்தும் ரீஜன் இருக்கு.

எந்த அறிகுறி தெரிஞ்சா யோசிக்கலாம்?

1. லிங்க் அறுந்தாலும் நிக்கக்கூடாத வேலை இருக்கு. மேல சொன்ன மருத்துவமனை, சிப்காட்ல இருக்கிற ஒரு கெமிக்கல் பிளான்ட்டோட கன்ட்ரோல் சிஸ்டம், இந்த வகை. ரியாக்டர் வெப்பநிலையைப் பார்க்கிற புரோகிராம் இன்டர்நெட்டை நம்பி இருக்கக்கூடாது. அதே டேட்டாவை மாசக் கடைசியில அனலிடிக்ஸ் பண்ண கிளவுடுக்கு அனுப்பலாம்.

2. சில நாள் மட்டும் கூட்டம் பொங்குது. சிதம்பரத்துல ஆனித் திருமஞ்சனம், மார்கழி ஆருத்ரா தரிசனம் ரெண்டுக்கும் தேர் ஓடுற நாள்ல கீழவீதியில கால் வைக்க இடம் இருக்காது. மத்த நாள்ல சைக்கிள்ல ரவுண்டு அடிக்கலாம். சர்வர் உலகத்துல அதுக்கு சமம், தேர்வு முடிவு வர்ற நாள்.

3. லேட்டன்ஸி தாங்காத வேலை. இதுக்கு ஒரு கணக்கு கீழ வருது.

4. ஏற்கெனவே வாங்கின சர்வருக்கு இன்னும் ஆயுசு இருக்கு. மூணு வருஷம் ஓடக்கூடிய மெஷினைத் தூக்கிப் போட்டுட்டு கிளவுடுக்குப் போறது, பாதி சாப்பிட்ட சாப்பாட்டை இலையோட மூடுற மாதிரி. படிப்படியா நகரலாம். நடுவுல இருக்கிற அந்தக் காலம் இயல்பாவே ஹைப்ரிட்தான்.

5. சட்டமோ ஒப்பந்தமோ டேட்டா எங்க இருக்கணும்னு சொல்லுது. இதுல நிறைய பேர் குழம்புறாங்க. ரிசர்வ் வங்கி 2018 ஏப்ரல் 6 அன்னைக்குப் போட்ட உத்தரவுப்படி பேமென்ட் டேட்டாவை இந்தியாவுக்குள்ள சேமிக்கணும். கவனிங்க, "இந்தியாவுக்குள்ள"ன்னுதான் சொல்லுது, "உங்க கட்டடத்துக்குள்ள"ன்னு சொல்லல. மும்பை ரீஜன் போதும். சட்டத்துக்காக ஹைப்ரிட் கட்டாயம்னு ஒரு விற்பனையாளர் சொன்னா, எந்தப் பிரிவுன்னு கேளுங்க.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

ரெண்டாவது அறிகுறியை எடுத்துக்கலாம். ஒரு கற்பனைக் கல்லூரி. வருஷத்துக்கு ரெண்டு தடவை ரிசல்ட். ஒவ்வொரு தடவையும் மூணு நாளைக்கு வழக்கத்தை விட பத்து மடங்கு கூட்டம். கீழ இருக்கிற தொகை எல்லாம் கணக்குக்காக நான் வச்சுக்கிட்டது. உங்க புராஜெக்ட்டுக்கு உண்மையான கொட்டேஷன் வாங்கிப் போடுங்க.

சொந்த சர்வர் ஒரு செட் 6 லட்சம். அஞ்சு வருஷம் ஓடினா மாசம் 10,000. கரண்ட்டும் ஏசியும் சேர்த்து மாசம் 6,000. பார்த்துக்கிறவருக்கு 10,000. மொத்தம் மாசம் 26,000 ரூபாய். அதே திறனை கிளவுட்ல 24 மணி நேரமும் வாடகைக்கு எடுத்தா மாசம் 45,000-னு வச்சுக்குவோம்.

எல்லாம் சொந்தம்: பத்து மடங்கு கூட்டத்துக்கு பத்து செட் வாங்கணும். சர்வர் 1 லட்சம், கரண்ட் 60,000, ஆள் 10,000, ஆக மாசம் 1.7 லட்சம். வருஷத்துக்கு 20.4 லட்சம். இதுல ஒன்பது செட் வருஷத்துல 359 நாள் சும்மா இருக்கும்.

எல்லாம் கிளவுட்: 45,000 × 12 = 5.4 லட்சம். ரிசல்ட் நேரத்துல கூடுதலா ஒன்பது செட் மூணு நாளைக்கு. 9 × 45,000-ல பத்துல ஒரு பங்கு, அதாவது 40,500. ரெண்டு தடவைக்கு 81,000. மொத்தம் 6.21 லட்சம்.

ஹைப்ரிட்: 26,000 × 12 = 3.12 லட்சம். ரிசல்ட் நாளுக்கு அதே 81,000. ரெண்டையும் இணைக்கிற விபிஎன், மானிட்டரிங், பேக்கப்புக்கு வருஷம் 1 லட்சம். மொத்தம் 4.93 லட்சம்.

ஆஹா, ஹைப்ரிட் ஜெயிச்சாச்சுன்னு கைதட்டாதீங்க. இப்போ ஒரு வரியை மட்டும் மாத்துங்க. ரெண்டு பக்கமும் தெரிஞ்ச ஒரு இன்ஜினியர் கூடுதலா தேவைப்படுறார், சம்பளம் மாசம் 25,000. வருஷத்துக்கு 3 லட்சம். ஹைப்ரிட் 7.93 லட்சம் ஆயிடுச்சு. ஏற்கெனவே இருக்கிற 10,000 ரூபாய் ஆளை நிறுத்தி அந்த 1.2 லட்சத்தை மிச்சம் பிடிச்சாலும் 6.73 லட்சம். கிளவுட் மட்டும்னா 6.21 லட்சம்தான்.

ஹைப்ரிட்டோட விலையில பெரும்பகுதி மெஷின்ல இல்ல, மனுஷங்க நேரத்துல இருக்கு. ரெண்டு விதமான செக்யூரிட்டி, ரெண்டு விதமான அப்டேட், ரெண்டு விதமான பில். அதைச் செய்ய ஆள் இல்லாத சின்ன நிறுவனத்துக்கு "ரெண்டு உலகத்தோட நல்லதும்" கிடைக்கும்னு சொல்வாங்க, கிடைக்கிறது ரெண்டு உலகத்தோட தலைவலியும்தான்.

இன்டர்வியூல மாட்டிவிடுற இடம்: லேட்டன்ஸி

"ஆப் நம்ம ஆபீஸ்ல இருக்கட்டும், டேட்டாபேஸை மட்டும் கிளவுடுக்கு மாத்தலாம்." கேட்க நல்லா இருக்கு இல்ல? கணக்கைப் பாருங்க.

சிதம்பரத்துல இருந்து மும்பை நேர்கோட்டுல சுமார் 1,100 கிலோமீட்டர். ஃபைபர்ல ஒளி நொடிக்கு 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். போக வர குறைஞ்சது 11 மில்லிசெகண்ட். இது இயற்பியல் போட்ட எல்லை, எந்த கம்பெனியாலயும் குறைக்க முடியாது. கேபிள் வளைஞ்சு போறது, நடுவுல ரவுட்டர் எல்லாம் சேர்த்து 30-னு வச்சுக்குவோம். ஒரு பில் போட ஆப் ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணா 60 குவெரி அனுப்புதுன்னா, 60 × 30 = 1.8 நொடி. அதே 60 குவெரி உள்ளூர் லேன்ல, ஒவ்வொண்ணுக்கும் அரை மில்லிசெகண்ட்னா, 0.03 நொடி. கவுன்ட்டர்ல இருபது பேர் வரிசையில நிக்கும்போது இந்த வித்தியாசம் என்னன்னு கேஷியரைக் கேளுங்க.

அதனால வெட்டும்போது ஒருத்தரோட ஒருத்தர் அதிகம் பேசிக்கிற பகுதிகளை ஒரே பக்கம் வைங்க. அபூர்வமா பேசிக்கிற இடத்துல வெட்டுங்க. பில்லிங்கும் அதோட டேட்டாபேஸும் ஒரே பக்கம். இரவு ஒரு தடவை போற ரிப்போர்ட் மறுபக்கம்.

அதைவிடக் கஷ்டமான கேள்வி: லிங்க் அறுந்தா யார் சொல்றது உண்மை?

நம்ம மருத்துவமனைக்குத் திரும்புவோம். சிதம்பரம் கிளையில டாக்டருக்கு ஒரு நாளைக்கு 50 டோக்கன். பாதி பேர் ஆன்லைன்ல புக் பண்றாங்க, அது கிளவுட்ல. மீதி பேர் கவுன்ட்டர்ல, அது உள்ளூர் சர்வர்ல. லிங்க் அறுந்துடுச்சு. கடைசி டோக்கனை ரெண்டு பக்கமும் கொடுத்துட்டா?

இதைத்தான் எரிக் ப்ரூவர் 2000-ல சொன்னார், கில்பர்ட்டும் லின்ச்சும் 2002-ல நிரூபிச்சாங்க. நம்ம சிலபஸ்ல கேப் தியரம்னு வர்றது இதுதான். ரெண்டு பக்கமும் பேச முடியாம போனா, ஒண்ணு ஒரு பக்கத்தை நிறுத்தணும், இல்லைன்னா ரெண்டு பக்கமும் வேற வேற உண்மையைச் சொல்லலாம்னு ஒத்துக்கணும். ரெண்டையும் தவிர்க்க முடியாது.

ஆனா வேலையோட தன்மையைப் பார்த்துப் பிரிச்சா நிறைய தப்பிக்கலாம். டோக்கனுக்கு முன்கூட்டியே ஒதுக்கீடு: ஆன்லைனுக்கு 20, கவுன்ட்டருக்கு 30. லிங்க் இருந்தாலும் இல்லைன்னாலும் மோதாது. புது நோயாளி நம்பருக்கு ஊர் எழுத்து: கடலூர்னா "க", சிதம்பரம்னா "சி"ன்னு ஆரம்பிச்சா ஒரே நம்பர் ரெண்டு பேருக்கு விழாது. பில், லேப் ரிசல்ட் மாதிரி எழுதினா மாறாத விஷயங்களை வரிசையில சேர்த்து வச்சு, லிங்க் வந்ததும் அனுப்பலாம். மருந்து ஸ்டாக் மாதிரி ஏறி இறங்குற எண்ணுக்கு மட்டும் ஒரு இடம்தான் எஜமான்னு முடிவு பண்ணுங்க. ஸ்டாக் எந்தக் கட்டடத்துல இருக்கோ, உண்மையும் அங்கயே இருக்கட்டும்.

இந்தப் பட்டியலைப் பேப்பர்ல போட முடியலைன்னா, அந்த நிறுவனம் ஹைப்ரிட்டுக்கு இன்னும் தயார் இல்ல.

வெளியுலகத்துல நடந்தது மூணு

2021 மார்ச் 10, பிரான்ஸ்ல ஸ்ட்ராஸ்பூர்க் நகரம். ஓவிஹெச் கம்பெனியோட ஒரு டேட்டா சென்டர் கட்டடம் முழுசா எரிஞ்சுபோச்சு. "கிளவுட்ல தானே இருக்கு"ன்னு வேற இடத்துல பேக்கப் வைக்காதவங்களுக்கு டேட்டா திரும்பல. கிளவுடும் ஒரு கட்டடம்தான், அதுலயும் தீ பிடிக்கும்.

2024 மே, ஆஸ்திரேலியாவோட யூனிசூப்பர் ஓய்வூதிய நிதி. ஒரு தவறான அமைப்பால கூகுள் கிளவுட்ல இருந்த அவங்களோட பிரைவேட் கிளவுட் மொத்தமா அழிஞ்சுது. ரெண்டு இடத்துல காப்பி இருந்தும் ரெண்டும் போச்சு, ஏன்னா ரெண்டும் ஒரே கணக்குக்குக் கீழ இருந்துச்சு. வேற ஒரு நிறுவனத்துக்கிட்ட தனியா வச்சிருந்த பேக்கப்தான் மீண்டு வர உதவுச்சு.

2025 செப்டம்பர் 26, தென்கொரியாவோட டேஜான் நகர அரசு டேட்டா சென்டர்ல தீ. அரசு ஊழியர்களோட ஜி-டிரைவ்ல இருந்த 858 டெராபைட் போயிடுச்சு. அளவு ரொம்பப் பெருசுன்னு வெளிய பேக்கப் எடுக்கவே இல்ல. சொந்த சர்வர்னா பாதுகாப்புன்னு நினைக்கிறவங்களுக்கு இது பதில்.

எதிர்ப்பக்கமும் சொல்லணும். நம்ம ஊர் ஸோஹோ பப்ளிக் கிளவுடை நம்பாம சொந்த டேட்டா சென்டர்கள்லயே ஓடுது. தினமும் சீரான பெரிய லோடு, அதைப் பார்த்துக்க ஆள்பலம், ரெண்டும் இருந்தா அதுவும் சரியான முடிவுதான்.

எப்போ வேண்டாம்?

இன்னைக்குத் தொடங்குற அஞ்சு பேர் ஸ்டார்ட்அப்புக்கு வேண்டாம். பப்ளிக் கிளவுட் போதும். நெட் போனா ரெண்டு மணி நேரம் காத்திருக்கலாம்னு இருக்கிற வேலைக்கு வேண்டாம். ஒரு ஜவுளிக்கடைக்கு பில்லிங் மட்டும் ஆஃப்லைன்ல ஓடணும்னா, ஆஃப்லைன்ல வேலை செய்யற சாஃப்ட்வேரும், தினமும் கிளவுடுக்குப் போற பேக்கப்பும் போதும். அதுக்கு ஹைப்ரிட்னு பெரிய பேர் வைக்க வேண்டியதில்ல. "எல்லாரும் போறாங்க"ங்கிறது காரணமே இல்ல.

முடிவெடுக்கும் முன்னாடி கேட்க ஆறு கேள்வி

நாளைக்கு யாராவது, அது உங்க மாமா கடையா இருக்கட்டும், கிளையன்ட்டா இருக்கட்டும், "கிளவுடுக்குப் போலாமா?"ன்னு கேட்டா இதைக் கேளுங்க.

ஒண்ணு, நெட் மூணு நாள் இல்லைன்னா எந்த வேலை கண்டிப்பா ஓடணும்?

ரெண்டு, கட்டடமே போனா எவ்வளவு நேர டேட்டாவை இழக்கத் தயார்? இதுதான் ஆர்பிஓ. இரவு 11-க்கு பேக்கப் எடுத்து, மறுநாள் மாலை 6-க்கு வெள்ளம் வந்தா, 19 மணி நேர வேலை காணாமப்போகும். அது பரவாயில்லையா?

மூணு, எவ்வளவு நேரத்துல திரும்ப எழணும்? இது ஆர்டிஓ. இங்க எல்லாரும் மறக்கிற கணக்கு ஒண்ணு: 20 டெராபைட்டை 100 எம்பிபிஎஸ் லைன்ல இறக்க, லைன் முழு வேகத்துல ஓடினாலும் சுமார் 18 நாள் ஆகும். பேக்கப் இருக்கு, ஆனா மருத்துவமனை 18 நாள் மூடியிருக்கு. அதனால எதை முதல்ல இறக்கணும்னு இப்பவே வரிசை போட்டு வைங்க.

நாலு, லோடு வருஷம் முழுக்க சீரா, இல்ல தேர்த் திருவிழா மாதிரியா?

அஞ்சு, ரெண்டு பக்கத்தையும் பார்த்துக்கப் போறவர் யார்? அவர் லீவு போட்டா யார்?

ஆறு, கடைசியா எப்போ பேக்கப்பைத் திரும்ப ஏத்திப் பார்த்தீங்க? பேக்கப் எடுத்த தேதியைக் கேட்கல. ஏத்திப் பார்த்த தேதி.

ஒண்ணாவது கேள்விக்கும் ரெண்டாவது கேள்விக்கும் சேர்ந்து கனமான பதில் வந்து, அஞ்சாவது கேள்விக்கு ஒரு பேர் கிடைச்சா, ஹைப்ரிட்டை எடுத்துக்கிட்டுப் பேசலாம். அஞ்சாவதுக்கு பதில் மௌனம்னா, முதல்ல ஒரு ஒழுங்கான பேக்கப்போட நிறுத்திக்கச் சொல்லுங்க.

ஒரு சின்ன வேலை: மினி புராஜெக்ட் தலைப்பு தேடிக்கிட்டு இருந்தா, ரெண்டு லேப்டாப்ல ஆளுக்கொரு டேட்டாபேஸ் போட்டு, மேல சொன்ன டோக்கன் சிஸ்டத்தைக் கட்டிப் பாருங்க. நடுவுல வைஃபையை அணைங்க. ரெண்டு பக்கமும் புக் பண்ணுங்க. திரும்ப ஆன் பண்ணி என்ன ஆகுதுன்னு பாருங்க. செலவு பூஜ்யம். அக்டோபர் பிறந்தா நம்ம பக்கம் மழை சீசன் தொடங்கிடும், அதுக்கு முன்னாடி முடிச்சிடுங்க. சந்தேகம் வந்தா லேப்ல பிடிங்க, பேசுவோம்.